ஐந்தடி மூன்று அங்குலத்துக்கு ஒரு துவக்கு

இந்த நாட்டில் விற்கிற துவக்குகள் எல்லாம் ஆறடி ஆட்களுக்காகச் செய்தவை. நான் ஐந்தடி மூன்று அங்குலம். அதுவும் வேலைச் சப்பாத்தோடு அளந்தால். முதன்முதல் ஒரு துவக்கைத் தோளில் வைத்தபோது அதன் பிடங்கு, தோளில் அணைக்கிற மரப்பகுதி, என் கக்கத்துக்குள் மாட்டிக்கொண்டது. விசைக்கு விரல் எட்டவில்லை. எட்டட்டும் என்று கழுத்தையும் கையையும் சேர்த்து நீட்டினேன். அன்று வேலை உதவிக்கு வந்திருந்த மச்சான் அதைப் போனில் படம் பிடித்தான். அந்தப் படத்தில் நான் துவக்குச் சுடுகிறவன் மாதிரி இல்லை. ஓடுகிற பஸ்ஸின் மேல்கம்பியில் தொங்குகிறவன் மாதிரி இருக்கிறேன்.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று சொல்லவேண்டும். எனக்குத் தொழில் தரைக்கும் சுவருக்கும் ரைல்ஸ் பதிக்கிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நான்தான் அதை விட்டதாக வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். ஜெர்மனியில் ஏழு வருசம் கோப்பை கழுவினேன். பிறகு லண்டனுக்கு வந்து, டூட்டிங்கில் வீடு எடுத்து, இருபது வருசமாக ஊரார் குளிக்கிற அறைகளில் முழங்காலில் நிற்கிறேன். அப்படி ஒரு வேலைக்குத்தான் லண்டனுக்கு வெளியே, சரே பக்கம் இருக்கிற ஒரு சுடுகளத்துக்குப் போனேன். அவர்களுடைய ரொய்லெற்றுக்குப் புதுத் தரை. நாலு நாள் வேலை.

நாள் முழுக்க வெளியில் வெடிச்சத்தம். முதல் நாள் ஒவ்வொரு வெடிக்கும் குந்தினேன். யுத்தத்துக்குள் இருந்து வந்த எங்கள் ஆட்களுக்கு வெடி கேட்டால் முதலில் முழங்கால்தான் யோசிக்கும், மூளை பிறகுதான். நல்லவேளை, ரைல்ஸ்காரன் குந்தியிருந்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. நாலாம் நாள் களத்தின் சொந்தக்காரர் வந்தார். எழுபது வயது வெள்ளைக்காரர், ஆறடி இரண்டு. அதே வளவில் துவக்குக் கடையும் வைத்திருக்கிறார். தரையைப் பார்த்துச் சந்தோசப்பட்டு, "வா, ஒருக்காச் சுட்டுப் பார்" என்றார். அவர் பேசினது இங்கிலீஷ். எனக்கு எந்தப் பாசையும் என் தமிழில்தான் காதுக்குள் போகும், அப்படியே எழுதுகிறேன்.

அங்கே சுடுகிறது கிளே. சோசர் அளவில் செம்மஞ்சள் தட்டு. யந்திரம் அதை வானத்தில் எறியும், நாங்கள் துவக்கில் இருந்து சிதறுகிற சன்னத்தால் உடைக்கவேண்டும். இருபத்தைந்து தட்டில் மூன்றை உடைத்தேன். அதில் ஒன்று நான் குறிபார்த்த தட்டே இல்லை. ஆனால் அந்த மூன்றும் உடைந்தபோது நின்றவர்கள் கைதட்டினார்கள். யோசித்துப் பாருங்கள்: இருபது வருசமாக ஒரு ரைல் உடைந்தால் கிழிகிழி என்று கிழிக்கிற சனத்துக்கு வேலை செய்தவன் நான். இங்கே உடைத்தால் கைதட்டுகிறார்கள்! அன்றைக்கே விழுந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு வருசம், இரண்டு கிழமைக்கு ஒருதரம், ஞாயிறு காலையில் அங்கே போனேன். களத்தின் வாடகைத் துவக்குத்தான். எல்லாம் நீளம். அது உதைத்துக் கன்னத்தில் ஒரு நீலம், தோளில் ஒரு நீலம்.

"ஆரோட அடிபட்டனீங்கள்?" என்று மனைவி கேட்டாள்.

"துவக்கோட."

"ஆர் வெண்டது?"

ஒரு நாள் களத்துக்காரர் என்னை மறித்தார். நவம்பர் கடைசிச் சனிக்கிழமை அவருடைய பண்ணையில் பெசன்ற் வேட்டை. பெசன்ற் என்றால் நீண்ட வாலுள்ள ஒரு காட்டுக்கோழி. செத்தைக்குள் இருந்து விசர் பிடித்தமாதிரிக் கத்திக்கொண்டு எழும்பும். "நீயும் வா. ஆனால் உனக்குப் பொருந்துற துவக்கோட வா. வாடகைத் துவக்கோட வந்தால் பறவைக்கு ஒண்டும் நடக்காது, பக்கத்தில நிக்கிறவனுக்குத்தான் ஆபத்து" என்றார்.

என் வாழ்க்கையில் யாரும் என்னை வேட்டைக்குக் கூப்பிட்டதில்லை. கல்யாண வீடுகளுக்கே போனில்தான் கூப்பிடுவார்கள். அந்தச் சனிக்கிழமைக்குள் எனக்கென்று ஒரு துவக்கு வாங்கியே தீருவது என்று முடிவெடுத்தேன். அது ஏப்ரல் மாதம். ஏழு மாதம் போதாதா என்று நினைத்தேன். எட்டாம் வகுப்புக் கணக்கு அவ்வளவுதான்.

முதலில் வீட்டில் அனுமதி.

"துவக்கோ?" என்றாள் மனைவி. "துவக்குக்குப் பயந்துதானே ரெண்டு பேரும் ஓடி வந்தனாங்கள். இப்ப காசு குடுத்து ஒண்டை வீட்டுக்குள்ள கொண்டுவரப் போறியளோ?"

"இது வேற துவக்கப்பா. தட்டு உடைக்கிறது."

"தட்டு உடைக்கத் துவக்கு ஏன்? கழுவத் தந்தால் சும்மாவே உடைக்கிறியள்தானே."

ஒரு கிழமை நானே சோற்றைப் போட்டுச் சாப்பிட்டேன். பிறகு ஒரு நாள், சோற்றைப் போட்டுக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள். "ஒண்டு. ஒண்டே ஒண்டு. தட்டுக்கு ஒண்டு, குருவிக்கு ஒண்டெண்டு சேக்க வெளிக்கிட்டியளோ, ரெண்டாவது வாற அண்டைக்கு நான் தம்பி வீட்டை போயிடுவன்."

அந்தத் தம்பிதான் என் மச்சான். ஹவுன்ஸ்லோவில் இருக்கிறான், விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறான். இந்த நிபந்தனையைக் கேட்டதும் அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அத்தான், சத்தியமாச் சொல்லுறன், ஒண்டோட நிப்பாட்டுங்கோ" என்றான்.

அப்படித்தான் என் கஷ்டம் தொடங்கியது. ஏனென்றால் தட்டுச் சுடுகிற துவக்கும் பறவை சுடுகிற துவக்கும் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாத சகலன்மார் மாதிரி. தட்டுத் துவக்கு பாரமாக இருக்கவேண்டும். ஒரு காலையில் நூறு வெடி வைக்கிறோம், உதையைப் பாரம்தான் வாங்கும். குழலும் நீளமாக இருந்தால்தான் ஆடாமல் தட்டோடு சேர்ந்து போகும். பறவைத் துவக்கு இலேசாக இருக்கவேண்டும். நாள் முழுக்கக் கையில் கொண்டு நடக்கிறது. பறவை எழும்புகிற நேரம் சொல்லிவிட்டு எழும்பாது. சட்டென்று தோளுக்கு வரவேண்டும். ஒன்றிலே சுகம் என்பது மற்றதிலே குறை. இரண்டுக்கும் ஒரே துவக்கு என்றால் இரண்டிலும் கொஞ்சம் குறையோடு வாழப் பழகவேண்டும். கல்யாணம் முடித்தவனுக்கு இது புதிதில்லை, ஆனாலும்.

மச்சான் துவக்கைத் தொட்டதே இல்லை. ஆனால் யூடியூப் பார்க்கிறவன். "அத்தான், முப்பத்திரண்டு இஞ்ச் குழல் எடுங்கோ. சம்பியன்மார் எல்லாரும் அதுதான்" என்பான்.

"டேய், அந்தத் துவக்கை நிலத்தில குத்தி நிப்பாட்டினால் என்ர இடுப்புக்கு மேல வருமடா."

"அப்ப இருபது போர், ஒடுங்கின குழல் எடுங்கோ. சின்னத் தோட்டா, சின்ன உதை. உங்கட உடம்புக்குச் சரி."

"என்ர உடம்புக்கு என்னடா குறை?"

"குறையெண்டு ஆர் சொன்னது? கொஞ்சம்தான் இருக்கெண்டு சொன்னனான்."

ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலை முடித்து ஒரு கடை. எசெக்ஸில் ஒன்று, கென்ற்றில் ஒன்று. கென்ற் கடைக்காரர் என் கையை அளவுநாடாவால் அளந்துவிட்டு, தைக்கத் துணி போதாது என்று கண்ட தையல்காரன் மாதிரிப் பெருமூச்சு விட்டார். எசெக்ஸ்காரர் இன்னும் மோசம். "பிள்ளைக்கோ வாங்குறியள்?" என்று கேட்டார். "ஓம், அம்மாவுக்கு நான் பிள்ளைதான்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் உள்ளுக்குள் வரவில்லை.

இதற்குள் ஒரு துவக்கில் ஆசையும் வைத்தேன். பழைய இங்கிலீஷ் துவக்கு. இரண்டு குழலும் பக்கம் பக்கமாக, இரும்பில் பூவேலை, கையில் எடுத்தால் காற்று மாதிரி. அதைக் களத்துக்காரரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். "ஈயச் சன்னம் போகப்போகுது. இனி எல்லாரும் இரும்புச் சன்னம்தான் சுடவேணும். அந்தப் பழைய மெல்லிய குழலுக்குள்ள அதைப் போட ஏலாது. குழலும் போகும், உன்ர கண்ணும் போகும்." அந்த ஆசையை அங்கேயே புதைத்தேன்.

கண் என்றதும் அவருக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு பெருவிரலால் சுவர்க் கடிகாரத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். இப்ப இடது கண்ணை மூடு என்றார். மூடினேன். பெருவிரல் துள்ளிப் பக்கத்து யன்னலில் போய் நின்றது.

"உனக்கு இடது கண்தான் முதலாளி" என்றார். "நீ வலது தோளில வைச்சு, இடது கண்ணால சுடுறாய். தட்டு ஒரு பக்கம், சன்னம் ஒரு பக்கம்."

நாற்பத்தொன்பது வருசமாக என் வலது கண் ஒரு வேலையும் செய்யாமல் முகத்தில் வாடகையில்லாமல் இருந்திருக்கிறது, எனக்கே தெரியாமல். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அனுதாபம் எதிர்பார்த்தேன்.

"எங்கட குளிக்கிற அறை ரைல்ஸ் சரிஞ்சு கிடக்கெண்டு பத்து வருசமாச் சொல்லுறன்" என்றாள். "வீடுதான் சரிவெண்டு சொன்னியளே!"

மருந்து இலேசானது. சுடும்போது போடுகிற கண்ணாடியில், இடது பக்கம் ஒரு சின்னத் துண்டு ரேப் ஒட்டினால் போதும். என்னிடம் இருந்தது வேலைக்குப் பாவிக்கிற அகல ரேப். அதை ஒட்டிக்கொண்டு களத்துக்குப் போனேன். கண் ஒப்பிரேசன் செய்துவிட்டு ஆஸ்பத்திரியில் இருந்து நேரே வந்தவன் என்று நினைத்து ஒருத்தி எனக்குக் கதிரை தந்தாள்.

அதே நாள்தான் அந்தத் துவக்கும் வந்தது. களத்துக்காரர் கடையின் பின்னறைக்குள் போய், துணியில் சுற்றின ஒன்றைக் கொண்டுவந்தார். ஒருதரம் விற்றுத் திரும்பி வந்த துவக்கு. இத்தாலிக்காரன் செய்தது. பன்னிரண்டு போர், எந்தக் கடையிலும் தோட்டா கிடைக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குழல், இருபத்தெட்டு அங்குலம். இரும்புச் சன்னமும் தாங்கும். குழல் வாயில் திருகிப் பூட்ட ஐந்து குட்டிக் குழாய்கள்: கிட்டப் போகிற தட்டுக்கு அகலமாக விரிகிறது ஒன்று, உயரப் போகிற பறவைக்கு நெருக்கமாகப் போகிறது ஒன்று, இடையில் மூன்று. பாரமும் இடைநடு. "எடு" என்றார்.

எடுத்தேன். நான் ஒன்றும் செய்யவில்லை. அதுவாகவே தோளுக்கு வந்தது. கன்னம் மரத்தில் போய் இருந்தது. விரல் விசையில் இருந்தது. கழுத்து, கழுத்து இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. கடை, களம், சரே எல்லாம் மறந்து ஒரு நிமிசம் அப்படியே நின்றேன்.

"இது ஏன் எனக்குச் சரியா இருக்கு?" என்று கேட்டேன்.

"இது பொம்பிளையளுக்கெண்டு செய்தது" என்றார். "பிடங்கு நீளம் கட்டை, கன்னம் வைக்கிற இடம் உயரம். மிச்சமெல்லாம் ஒண்டுதான்."

கூட வந்திருந்த மச்சான் கடைக்கு வெளியே ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தான். "வடிவா இருக்கு அத்தான். அக்காவும் பாவிக்கலாம்."

"துவக்குக்கு ஆண் பெண் தெரியாது" என்றார் களத்துக்காரர். "நீளம்தான் தெரியும்."

அந்தத் துவக்கால் அவருடைய களத்திலேயே இருபத்தைந்து சுட்டேன். பதினேழு உடைந்தது. பதினேழு! ஒரு குறைதான். பறவைத் துவக்கு மாதிரி, ஒவ்வொருதரம் மடித்து மூடும்போதும் அது தானாகப் பூட்டுப் போட்டுக்கொள்ளும். தட்டை எறியச் சொல்லிக் கத்திவிட்டு விசையை அமத்தினால் ஒன்றும் நடக்காது, தட்டு டாட்டா காட்டிக்கொண்டு போகும். அதைக் கழற்றி விடலாமோ என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கழட்டலாம். உனக்கெண்டபடியால் அது இருக்கட்டும்."

பதினேழு உடைத்த கையால் அந்தத் துவக்கைத் திருப்பிக் கொடுக்கவேண்டியிருந்தது. பொலிஸ் தருகிற சேர்டிபிக்கேற் இல்லாமல் இந்த நாட்டில் யாரும் துவக்கை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. "நவம்பர் வேட்டை நாள் வரைக்கும் உனக்கெண்டு உள்ள வைச்சிருப்பன்" என்றார் களத்துக்காரர். "பிறகு விக்க வெளியில வைச்சிடுவன். கடை நடத்தவேணும்."

போர்ம் நிரப்பினேன். டொக்டரிடம் கடிதம் வாங்கினேன். துவக்கு வைக்க இரும்பு அலுமாரி ஒன்று சுவரில் அடித்திருக்கவேண்டும், அதைப் பொலிஸ் வந்து பார்க்கும் என்றார்கள். மற்றது எப்படியோ, சுவரில் துளை போடுகிறது என் குலத்தொழில். படுக்கையறைச் சுவரில், செங்கலுக்குள் எட்டு போல்ற் இறுக்கி, அந்த அலுமாரியை அடித்தேன். மச்சான் இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தான். அசையவில்லை. "வீடு விழுந்தாலும் இது நிக்கும் அத்தான்" என்றான். நான் பெருமையோடு அலுமாரியின் பூட்டுத் திறப்பைச் சமையலறை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, பொலிசுக்குக் காத்திருந்தேன். யூன் போனது. யூலை, ஓகஸ்ட் போனது. செப்ரெம்பரில் வந்தார்கள்.

வந்தது ஒரு பெண் அதிகாரி. நல்ல அமைதியான மனுசி. மனைவி ரீயும் பொரித்த ரோல்ஸும் வைத்தாள். ஏன் துவக்கு வேண்டும், குடிக்கிறதா, கோபம் வருமா என்று எல்லாம் கேட்டார். "கோபம் வரும், ஆனா வீட்டில அதை வெளியில எடுக்க எனக்கு அனுமதி இல்லை" என்றேன். எழுதிக்கொண்டார். பிறகு அலுமாரியைப் பார்க்கவேண்டும் என்றார்.

லாச்சியைத் திறந்தேன். திறப்பு இல்லை. கரண்டிகளை எல்லாம் கொட்டித் தேடினேன். இல்லை. சட்டைப் பைகளையும் உதறினேன்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கழுத்தில் இருந்த தாலிக்கொடியை வெளியே இழுத்தாள். அதில் ஒரு ஊசி. அந்த ஊசியில் என் துவக்கு அலுமாரித் திறப்பு.

அவளே மேலே போய், அவளே திறந்தாள். உள்ளே துவக்கு நிற்கவேண்டிய இடத்தில் சிவப்பு வெல்வெற் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அட்டியல், பதக்கம், ஆறு சோடிக் காப்பு. கீழே பாஸ்போட்டுகள், வீட்டுப் பத்திரம். கதவின் உள்பக்கம் லட்சுமி படம் ஒட்டி, சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. துவக்குக்கென்று நான் வாங்கிப் போட்ட பஞ்சு மெத்தையில் அவளுடைய தோடுகள் வரிசையாகக் குத்தியிருந்தன. அதிகாரி வாயைத் திறந்துகொண்டு நின்றார்.

"இது யாருடைய அலுமாரி?" என்று கேட்டார்.

"என்னுடையது" என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

அதிகாரி மெதுவாக விளங்கப்படுத்தினார். துவக்கு அலுமாரித் திறப்பு துவக்குக்காரனிடம் மட்டும்தான் இருக்கவேண்டும். மனைவியாக இருந்தாலும் அதைத் தொடக்கூடாது. எங்கே இருக்கிறது என்று தெரியவும் கூடாது. அதைச் சரிப்பண்ணும்வரை சேர்டிபிக்கேற் இல்லை. ஒரு ரோல்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

கதவு மூடினதும் நான் துள்ளினேன். "உமக்கென்ன விசரோ? துவக்கு வைக்கிற அலுமாரிக்குள்ள அட்டியல் வைக்கிறதோ?"

"எங்க துவக்கு?" என்றாள். "மேல் தெருவில மூண்டு வீட்டில நகை களவு போட்டுது. வங்கிக்காரன் லொக்கர் இல்லையெண்டிட்டான். கள்ளனால உடைக்க ஏலாத சாமான் இந்த வீட்டில இது ஒண்டுதான் கிடக்கு. இல்லாத துவக்கை வைச்சுப் பூட்டுறதோ, இருக்கிற நகையை வைச்சுப் பூட்டுறதோ, நீங்களே சொல்லுங்கோ."

கணக்குச் சரிதான். அதுதான் இன்னும் எரிச்சல்.

"சரி, இப்ப எடும்."

"ஏலாது. நல்ல நாள் பாத்து வைச்சது. வைச்ச இடத்தில இருந்து லட்சுமியை எழுப்ப ஏலுமோ?"

ஆகவே இரண்டாவது அலுமாரி வாங்கினேன். வீட்டில் ஒரு துவக்கும் இல்லை, இரண்டு துவக்கு அலுமாரி. இதைப் படிக்கட்டுக்குக் கீழே அடித்தேன். இன்னும் எட்டு போல்ற். திறப்பை இந்தமுறை ஒளித்தேன்: பின்வளவுக் கொட்டிலில், ரைல்ஸ் இடைவெளி நிரப்புகிற கிறவுட் வாளியின் அடியில், பிளாஸ்ரிக் பையில் சுற்றி. அந்த வாளியை என்னைத் தவிர யாரும் தொடமாட்டார்கள்.

ஒக்ரோபர் கடைசியில் அதே அதிகாரி திரும்பி வந்தார். அலுமாரியைப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், திருப்தி. பிறகு மனைவியைப் பார்த்துச் சும்மா கேட்கிறமாதிரிக் கேட்டார்: "இதன் திறப்பு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியாது என்று ஒரு சொல். அவ்வளவுதான் தேவை. நான் கண்ணைக் காட்டினேன், இரண்டு கண்ணையும்.

ஆனால் இருபத்திரண்டு வருசம் வீடு நடத்தின மனுசியைப் பார்த்து, உன் வீட்டில் உனக்குத் தெரியாதது இருக்கிறதோ என்று கேட்டால் அவளுக்கு அது அவமானம். நிமிர்ந்து நின்றாள். "தெரியாமல் என்ன?" என்று இங்கிலீஷில் சொன்னாள். "கொட்டிலில், கிறவுட் வாளிக்குள், பிளாஸ்ரிக் பையில். இந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒரு ஊசி கிடக்காது." சொல்லிவிட்டு அதிகாரியின் கோப்பைக்குள் இன்னும் கொஞ்சம் ரீ ஊற்றினாள்.

அதிகாரி பேனையை மூடினார்.

"தெரியாதெண்டு சொல்லியிருக்கலாமே!" என்று பிறகு கத்தினேன்.

"பொலிசுக்குப் பொய் சொல்லச் சொல்லுறியளோ?"

சண்டையில் எப்போதும் அவள் பக்கம்தான் நியாயம் போய் நிற்கும்; என் பக்கம் வர அதற்கு வழி தெரியாது. அந்தக் கிழமை திறப்பை ஐந்து இடத்தில் மாற்றி மாற்றி ஒளித்தேன். ஐந்தையும் கண்டுபிடித்தாள். தேடவில்லை, கூட்டித் துடைக்கும்போது தட்டுப்பட்டதாம். அடுத்த வருகை டிசம்பரில்தான் என்று கடிதம் வந்தது. வேட்டை நவம்பரில்.

கூப்பிட்ட இடத்துக்குப் போகாமல் இருக்கவும் மனம் வரவில்லை. களத்துக்காரரிடம் போன் பண்ணினேன். "துவக்கில்லாட்டிப் பரவாயில்லை, கலைக்க வா" என்றார். கலைக்கிறது என்றால், கையில் ஒரு தடியில் பிளாஸ்ரிக் சாக்குக் கொடி கட்டி, பற்றைக்குள் நடந்து, பறவைகளைத் துவக்குக்காரரின் பக்கம் துரத்துகிற வேலை. ஏழு மாதம் துவக்குக்கு அலைந்தவன், அந்தச் சனிக்கிழமை காலை, இடுப்பு மட்டும் ஈரமாகி, முள்ளுக்குள் நின்று கொடி ஆட்டினேன். பற்றை என் தலைக்கு மேலே. "அந்தத் தமிழ் ஆள் எங்கே?" என்று யாரோ கத்தினான். "ஆளில்லை, கொடி மட்டும் தனிய வருது" என்று இன்னொருத்தன் சொன்னான். சிரிப்புச் சத்தம் பற்றைக்கு மேலால் போனது.

ஒரு பெசன்ற் சேவல் என் காலடியில் இருந்து எழும்பியது. செம்பும் பச்சையுமாக, வால் மட்டும் ஒரு முழம். என் கை தானாக எழும்பி, கொடித் தடி தோளுக்கு வந்தது. கன்னம் தடியில் இருந்தது. விரல் இல்லாத விசையை அமத்தியது. சேவல் மரங்களுக்கு மேலால் போனது. அந்தப் பக்கம் ஒரு வெடி கேட்டது. நான் குந்தவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். ஆனால் அதைச் சொல்லிப் பெருமைப்பட யாரும் பற்றைக்குள் இல்லை.

பின்னேரம் கூலியாக இரண்டு கோழி தந்தார்கள். களத்துக்காரர் என் தோளில் தட்டி, "திங்கள் அந்தத் துவக்கை வெளியில வைக்கிறன். குறை நினையாதை" என்றார். வீடு வரைக்கும் என் வேலை வானுக்குள் ரேடியோ போடவில்லை.

திறப்புக்கு வழி சொன்னது மச்சான். யூடியூப்பால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை. நாலு இலக்கம் அமத்தித் திறக்கிற குட்டிப் பெட்டி. திறப்பை அதற்குள் பூட்டலாம். வாங்கி, படிக்கட்டுக்குக் கீழே அலுமாரிக்குப் பக்கத்துச் சுவரில் அடித்தேன். பிறகு இலக்கம் போட இருந்தபோதுதான் தெரிந்தது, என் மண்டைக்குள் இருக்கிற எல்லா இலக்கமும் அவளுக்கும் தெரியும். பிறந்த நாள், பிள்ளைகளின் பிறந்த நாள், வான் நம்பர், வங்கி நம்பர். எனக்கு ஞாபகம் இருக்காது என்று அவள் சத்தியம் பண்ணக்கூடிய ஒரு இலக்கம் வேண்டும். மூன்று நாள் யோசித்தேன். நாலாம் நாள் கண்டுபிடித்தேன்.

எங்கள் கல்யாண நாள்.

திகதி தெரியாமல் உடுப்பு அலுமாரிக்கு மேல் இருந்த கல்யாணப் பட அல்பத்தை இறக்கி, முதல் பக்கத்தில் ஒட்டியிருந்த அழைப்பிதழைப் பார்த்துத்தான் போட்டேன் என்பதையும் சொல்லவேண்டும்.

டிசம்பரில் அதிகாரி வந்தார். மனைவியிடம் அதே கேள்வி. அவள் அந்தப் பெட்டியை முறைத்துப் பார்த்தாள். "எனக்குத் தெரியாது" என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "அஞ்சு நிமிசம் தாங்கோ" என்றாள். ஒரு ஸ்ரூலைப் போட்டு இருந்து, அமத்தத் தொடங்கினாள். என் பிறந்த நாள். இல்லை. மூத்தவள், இளையவள். இல்லை. வான். வீட்டு நம்பர் முன்னும் பின்னும். பழைய ஜெர்மன் வீட்டு நம்பர். அதிகாரி ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். கால்மணித்தியாலம். கடைசியில் மனைவி எழும்பி, என்னை ஒரு புது ஆளைப் பார்க்கிறமாதிரிப் பார்த்து, "தெரியேல்லை" என்றாள். அதிகாரி முதன்முதலாகச் சிரித்தார்.

சேர்டிபிக்கேற் தபாலில் வந்தது, பெசன்ற் காலம் முடிந்த அடுத்த கிழமை. அடுத்த வேட்டைக்கு எட்டு மாதம் கிடந்தது. துவக்கு போயிருக்கும் என்றுதான் கடைக்குப் போனேன். போகவில்லை. "நாலு பேர் எடுத்துத் தோளில வைச்சுப் பாத்தவை" என்றார் களத்துக்காரர். "நாலு பேருக்கும் கட்டை. உன்ர அளவில சரேயில வேற ஆள் இல்லை."

இப்போது அது படிக்கட்டுக்குக் கீழே இருக்கிறது. ஞாயிறுகளில் தட்டு உடைக்கிறேன். ஒரு நாள் ஒரு கமக்காரனின் வயலில் காட்டுப்புறாவும் சுட்டேன். நல்ல துவக்கு. ஆனால் அதை எடுக்கும்போதெல்லாம், விரலால் நான் என் கல்யாண நாளை அமத்துகிறேன். இருபத்திரண்டு வருசம் மறந்த திகதி, இப்போது தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

போன மாதம் அந்த நாள் வந்தது. காலையில் மனைவி ரீயை வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இண்டைக்கு என்ன நாளெண்டு தெரியுமோ?"

எனக்குத் தெரியும். வாழ்க்கையில் முதன்முதலாகத் தெரியும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் நான் டக்கென்று சொன்னால் அவள் ஒரு நிமிசம் யோசிப்பாள். இவருக்கு எப்படித் தெரிந்தது என்று யோசிப்பாள். பிறகு நேரே படிக்கட்டுக்குக் கீழே போவாள். சேர்டிபிக்கேற் போய்விடும், துவக்கும் போய்விடும்.

"புதன்கிழமை" என்றேன்.

ரீக் கோப்பையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். மச்சான் ஹவுன்ஸ்லோவில் இருந்து போன் பண்ணி, "உங்களுக்கு வெக்கமில்லையோ அத்தான்?" என்று ஏசினான்.

இதை எழுதினால் அவள் வாசிப்பாள் என்று தெரியும். அதனால் நேற்றே இலக்கத்தை மாற்றிவிட்டேன். யாருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாத நாலு இலக்கம். இன்று ஞாயிறு, பத்து மணிக்கு நான் களத்தில் நிற்கவேண்டும். விடிந்ததில் இருந்து படிக்கட்டுக்குக் கீழே ஸ்ரூலில் இருந்து அமத்திக்கொண்டிருக்கிறேன். எந்த இலக்கத்துக்கும் திறக்கவில்லை. மனைவி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.